ஐம்பதிலும் விரல் வளையும்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் பழமொழி நம்மவர் இல்லங்களில் அடிக்கடி வழங்குவது. பிள்ளைகளை இளமையிலேயே பழக்க வேண்டும் என்பதற்காகப் பெரியோர் சொல்லி வைத்த மொழி அது. நாளடைவில் அது பிள்ளைகளை ஊக்குவதைக் காட்டிலும் பெரியவர்களைத் தடுப்பதற்கே மிகுதியும் பயன்பட்டு வருகிறது. "இந்த வயதில் எனக்கு எதற்கு?" என்று கேட்டு, விரும்பிய கலையின் வாயிலில் நின்றபடியே திரும்பிவிடும் அன்பர்கள் நம்மிடையே பலர்.

பிற மாநில நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இக்காட்சியைச் சிறப்பாகக் காணலாம். பிள்ளைக்குப் பியானோ வகுப்பு; தந்தையோ தாயோ வெளியே பெஞ்சியில் காத்திருப்பர். ஆண்டுகள் பல அவ்வாறே கழியும். பிள்ளை வளர்ந்து படிப்புக்கோ வேலைக்கோ வேற்றூர் சென்ற பின், வீட்டில் வாங்கி வைத்த கருவி துணி போர்த்தப்பட்டு ஊமையாக நிற்கும். அதன் அருகே நாள்தோறும் நடந்து செல்லும் பெற்றோருக்கு அதைத் தொட்டுப் பார்க்கும் ஆசை இல்லாமல் இல்லை. துணிவு மட்டுமே குறைவு.

ஞாயிறு மாலைகளில் வயது வந்த சிலருக்குத் தொடக்கப் பாடம் சொல்லி வருவதில் நாம் கண்டறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். கற்க விழைவோருக்கு மட்டுமன்றி, தந்தைக்குக் கற்பிக்கும் மகனுக்கும், மாமியாருக்குக் கற்பிக்கும் மருமகளுக்கும் இது பயன்படுதல் கூடும்.

வளர்ந்தவரின் இடர்

சிறுவனுக்கு முதல் நாள் பாடம் சொல்வது எளிது. தவறாக ஒரு கட்டையை அழுத்தினால் அவன் சிரிப்பான், மீண்டும் அழுத்துவான். வளர்ந்தவரோ தவறியவுடன் கையை எடுத்துவிட்டு, "மன்னிக்க வேண்டும்" என்பார். அலுவலகத்தில் பலருக்கு மேலாளராகவும், குடும்பத்தில் மூத்தவராகவும் இருந்து பழகியவர், தம்மினும் இளையவர் ஒருவர் முன்னிலையில் எழுத்தறியாப் பிள்ளைபோல் அமர வேண்டியிருக்கிறது. அந்தக் கூச்சமே முதற் பகை.

இரண்டாவது இடர் இதனினும் நுட்பமானது. அவருடைய காதும் அறிவும் பல ஆண்டுகள் முன்னே சென்றுவிட்டன; விரல்களோ இன்றுதான் பிறந்திருக்கின்றன. நல்ல இசை எதுவென்று அவருக்குத் தெரியும். தம் கையிலிருந்து எழுவது அதுவன்று என்பதும் உடனே தெரிந்துவிடும். சிறுவனுக்கு இந்த வேறுபாடு புலப்படுவதில்லை. ஆதலால் அவன் துன்புறுவதும் இல்லை. முதல் பாடத்திற்குப் பின் வராமல் நின்றுவிடும் பெரியவர்களில் பலர், கற்க இயலாமையால் நிற்பவர் அல்லர். கேட்கத் தெரிந்தமையால் நிற்பவர்.

ஆகவே ஆசிரியரின் கடமை தெளிவானது. வந்தவரிடம் ஏற்கெனவே உள்ளதை எடுத்துக்கொண்டு அதிலிருந்து தொடங்க வேண்டும். நம்மவர் எவரும் வெறுங்கையராய் வருவதில்லை. கோயிலிலும் கச்சேரியிலும் திரைப்படத்திலும் கேட்டுக் கேட்டுப் பண்பட்ட செவி இருக்கிறது. தொடையில் தாளம் தட்டும் கை இருக்கிறது. பியானோவின் முகப்பைப் பற்றியே அவர் அறியாமல் அறிந்து வைத்திருக்கும் செய்தி ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அமர்வதும் அழுத்துவதும்

முதல் ஐந்து நிமிடம் இசைக்கு அன்று, உடலுக்கு. கட்டை வரிசையின் நடுவுக்கு நேராக, இருக்கையின் முன்பாதியில் அமர்தல் வேண்டும். பாதங்கள் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும். முழங்கை கட்டைகளின் மட்டத்திற்கு ஏறத்தாழ நேராக நிற்க வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் மடித்த போர்வை ஒன்று போதும். பிறகு இரு கைகளையும் முழங்காற் சிப்பியின் மீது இயல்பாகக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, அந்த வடிவம் கலையாமல் அப்படியே தூக்கிக் கட்டைகளின் மேல் வைக்கச் சொல்லுகிறோம். விரல்கள் எவ்வளவு வளைய வேண்டும் என்று பத்து நிமிடம் விளக்குவதைக் காட்டிலும் இது சிறந்தது.

அடுத்து, கருவியின் உட்புறத்தை ஒரு முறையேனும் திறந்து காட்டுவது நன்று. இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் கிறிஸ்தோபோரி என்னும் கருவியமைப்பாளர் 1700ஆம் ஆண்டை ஒட்டி இதனை உருவாக்கினார். மென்மையாகவும் உரக்கவும் ஒலிக்கவல்லது என்பதே இதன் பெயர்ப் பொருள். கட்டையை அழுத்தினால் கம்பளித் துணி பொதிந்த சிறு சுத்தியல் எழுந்து கம்பியை அடித்து, உடனே பின்வாங்குகிறது. கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை கம்பி ஒலித்துக்கொண்டே மெல்லத் தேயும். விரலை எடுத்தவுடன் அடக்குக் கட்டை ஒன்று கம்பியின்மேல் படிந்து ஒலியை நிறுத்தும்.

வளர்ந்தவருக்கு இவ்விளக்கம் பெரிதும் உதவுகிறது. காரணம் தெரிந்தால் அவர் கை தானே திருந்தும். சுத்தியல் அடித்துத் திரும்பிய பின் கட்டையை எவ்வளவு வலிந்து அழுத்தினும் ஒலி கூடப் போவதில்லை என்பது புரிந்துவிட்டால், தோளிலும் மணிக்கட்டிலும் ஏறியிருக்கும் இறுக்கம் இறங்கிவிடும்.

முன்பே வேறு பழக்கம் உள்ளவரிடம் அதற்கேற்ற திருத்தம் தேவை. தட்டச்சுப் பழகியவர் வெடுக்கென்று தட்டிவிட்டு விரலை எடுப்பார். ஒலி பிறந்தவுடன் இறந்துவிடும். அவர் கட்டைவிரலை இடைவெளி விடுவதற்கு மட்டுமே பயன்படுத்தியவர். இங்கோ கட்டைவிரலும் ஏனையவற்றுக்குச் சமமான உழைப்பாளி. ஆர்மோனியம் வாசித்தவர், அழுத்திய ஒலி தேயாமல் நிற்கும் என்று எதிர்பார்ப்பார். துருத்தி போட்டுப் பழகிய அவருடைய இடக்கையோ சுரம் அறியாதது. வயலின் கற்றவருக்கு ஆள்காட்டி விரல் முதல் விரல். பியானோவில் கட்டைவிரலே முதல் விரல், சுண்டுவிரல் ஐந்தாவது. இவற்றைக் குறையாகச் சொல்லாமல், வேறுபாடாகச் சொல்ல வேண்டும்.

கட்டைக் கணக்கு

முழு அளவுப் பியானோவில் 88 கட்டைகள். வெள்ளை 52, கறுப்பு 36. முதன்முறை பார்ப்பவர் இந்த எண்ணிக்கையிலேயே மலைத்துப் போகிறார். அப்பொழுது கறுப்புக் கட்டைகளை மட்டும் பார்க்கச் சொல்லுகிறோம். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று அவை கூட்டங்கூட்டமாய் நிற்கின்றன. ஆகவே கற்க வேண்டுவது 88 அன்று, பன்னிரண்டே. எஞ்சியவை அப்பன்னிரண்டும் மேலும் கீழும் திரும்ப வருவனவே.

முன்னர்ச் சொன்ன செய்தி இங்கேதான் பயன்படுகிறது. பாடகரின் சுருதியைப் பற்றிப் பேசுகையில் நம்மவர், "ஒன்றரைக் கட்டை", "ஐந்து கட்டை" என்கிறார்கள். இவ்வழக்கு ஆர்மோனியப் பெட்டியின் கட்டைகளை எண்ணியதால் எழுந்தது. ஆர்மோனியத்தின் முகப்பும் பியானோவின் முகப்பும் ஒன்றே. இரட்டைக் கறுப்புக் கட்டைகளுக்கு இடப்புறமாக ஒட்டி நிற்கும் வெள்ளைக் கட்டையே ஒரு கட்டை. அங்கிருந்து வலப்புறமாக வெள்ளைகளை எண்ணினால் இரண்டு, மூன்று முதலாக ஏழு வரை. இடையில் நிற்கும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரையும் ஏழரையும் இல்லை. அவ்விடங்களில் கறுப்புக் கட்டை இல்லாததே காரணம். தம் நாவில் இத்தனை ஆண்டு வழங்கிய சொற்கள் கண்முன்னே வெள்ளையும் கறுப்புமாய் நிற்பதைக் காண்பவரின் முகம் மலர்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

மேனாட்டார் இதே ஒன்று முதல் ஏழு வரையான வெள்ளைக் கட்டைகளைச் சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்று வழங்குகின்றனர். இவ்விடத்தில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்துவிடுதல் வேண்டும். சி என்பதும் ஸ என்பதும் ஒன்றல்ல. சி என்பது ஊர்ப் பெயர் போன்றது. எவர் சொன்னாலும் அதே இடம். ஸ என்பதோ அண்ணன் என்பது போன்ற உறவுப் பெயர். சொல்லுபவரைப் பொறுத்து ஆள் மாறும். பாடுபவர் தம் குரலுக்கு ஏற்ப எந்தக் கட்டையையும் ஸ-வாகக் கொள்ளலாம்.

கறுப்பில் பிறக்கும் மோகனம்

இனி வாசிக்கலாம். முதல் வாசிப்பில் தவறு நேர வழியே இல்லாதிருக்க வேண்டும் என்பது நம் கொள்கை. அதற்குரிய இடம் கறுப்புக் கட்டைகள். நாலரைக் கட்டையை ஸ-வாகக் கொண்டு கறுப்புகளை மட்டும் வலப்புறமாகத் தொட்டுச் சென்றால் ஸ ரி க ப த என்று மோகனத்தின் ஐந்து சுரங்களும் வரிசையாய் வருகின்றன. ஆசிரியர் கீழ்ப்பகுதியில் நாலரையையும் ஒன்றரையையும், அதாவது ஸ-வையும் ப-வையும், தம்புராவைப் போல் மெல்ல மீட்டிக்கொண்டிருக்க, கற்பவர் மேற்பகுதியில் எந்தக் கறுப்புக் கட்டையையும் எந்த விரலாலும் தொடலாம். எதைத் தொட்டாலும் இசைவாகவே இருக்கும். "தவறு செய்து காட்டுங்கள் பார்க்கலாம்" என்று நாம் சொல்வதுண்டு. செய்ய முடியாமல் அவர் சிரித்துவிட்டால் முதற் பகையாகிய கூச்சம் பாதி ஒழிந்தது.

அதே ஐந்து கட்டைகள், தொடங்கும் இடம் மாறினால் வேறு இராகங்களைத் தருகின்றன. ஒன்றரையிலிருந்து தொடங்கினால் சுத்த சாவேரி, இரண்டரையிலிருந்து சுத்த தன்யாசி, ஐந்தரையிலிருந்து மத்தியமாவதி, ஆறரையிலிருந்து இந்தோளம். கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு இதனைக் காட்டாமல் விடுதல் பெரும் இழப்பு.

அண்மையில் ஐம்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் முதல் பாடத்திற்கு வந்தார். மகள் ஏழாண்டு பியானோ கற்றவள். இப்போது வேலை நிமித்தம் வேறு நகரில் இருக்கிறாள். அமர்ந்தவுடன் அவர், "எனக்கு ஒன்றும் தெரியாது, தம்பி. ஏழு வருஷம் வெளியே உட்கார்ந்து கேட்டதுதான்" என்றார். சிறு வயதில் பாட்டுக் கற்றதுண்டா என்று வினவினோம். "கல்யாணத்துக்கு முன்னே கொஞ்சம். அப்புறம் விட்டுப் போயிற்று" என்றார். அவருக்கு இயல்பான சுருதியில் ஸ மட்டும் பாடும்படி கேட்டுக்கொண்டோம். தயங்கிப் பாடினார். அது ஐந்தரைக் கட்டையில் நின்றது. அந்தக் கட்டையை அவர் விரலாலேயே தொடச் செய்து, "இது உங்கள் வீடு அம்மா, இங்கிருந்து கறுப்புகளை மட்டும் ஒவ்வொன்றாய்த் தொட்டு மேலே போங்கள்" என்றோம்.

மெல்லச் சென்றார், மேல் ஸ-வை அடைந்து திரும்பி வந்தார். மூன்றாம் முறை கீழிறங்கும்போது நின்றுவிட்டு, "இது மத்தியமாவதி அல்லவா?" என்றார். நாம் இராகத்தின் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. அம்மா நாள்தோறும் பூசை முடிவில் பாடியது அந்த இராகத்தில்தான் என்றும், கேட்டு நாற்பது ஆண்டு ஆகியிருக்கும் என்றும் கூறினார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே, "இன்னொரு தடவை போகட்டுமா, தம்பி?" என்று கேட்டார். அதற்கு மேல் அன்று அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஐந்து விரல், இரண்டு கை

பாடத்தின் பிற்பகுதியில் வெள்ளைக் கட்டைகளுக்கு வருகிறோம். முழு அளவுப் பியானோவில் இடப்புறத்திலிருந்து எண்ணினால் நான்காவதாக வரும் ஒரு கட்டையே நடுச் சி எனப்படுவது. வலக்கைக் கட்டைவிரலை அதன்மேல் வைத்து, ஏனைய விரல்களை அடுத்தடுத்த வெள்ளைகளில் வரிசையாக வைத்தால், ஸ ரி க ம ப ஐந்தும் ஐந்து விரல்களின்கீழ் அடங்கிவிடும். கையை எங்கும் நகர்த்த வேண்டுவதில்லை.

இதனைத் தாளத்தோடு வாசிக்கச் சொல்லுகிறோம். ஸ ரி க ம என்று நான்கு எண்ணிக்கை. ப-வை மேலும் நான்கு எண்ணிக்கைக்கு நிறுத்தம். எட்டும் சேர்ந்து ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம். அடுத்த ஆவர்த்தனத்தில் ப ம க ரி என்று இறங்கி ஸ-வில் நிறுத்தம். நான்காம் விரல் சோம்பும். ஐந்தாம் விரல் படுத்துக்கொள்ளும். இவை எல்லோருக்கும் நேர்வன. "விரலைப் பார்த்து வருந்தாதீர்கள், ஒலியைக் கேளுங்கள்" என்று சொல்லி மெதுவாகச் செய்யவிட்டால் போதும்.

பின்னர் இடக்கை. சுண்டுவிரல் கீழ்ச் சி-யிலும் கட்டைவிரல் அதன் மேலுள்ள ஜி-யிலும் நிற்க, ஸ-வும் ப-வும் ஒருங்கே ஒலிக்கும். ஒவ்வொரு நான்கு எண்ணிக்கையின் தொடக்கத்திலும் இடக்கை இவ்விரண்டையும் அழுத்த, வலக்கை மேலே முன்போல் செல்ல வேண்டும். முதலில் இரண்டும் முட்டிக்கொள்ளும். பத்தாம் முறை ஒன்று சேரும். தாம் இரண்டு கைகளாலும் பியானோ வாசித்தோம் என்னும் உண்மையோடு அவர் வீடு திரும்ப வேண்டும். முதல் பாடத்தின் வெற்றி இதுவே.

இந்த ஐந்து விரல் எல்லையைச் சிறிதென்று எண்ண வேண்டா. 1824ஆம் ஆண்டில் அரங்கேறிய பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் உலகமறிந்த மகிழ்ச்சிப் பாடலின் தொடக்க அடிகள் இந்த ஐந்து சுரங்களுக்குள்ளேயே இயங்குகின்றன. அதனை இரண்டாம் பாடத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாளில் வேண்டாதவை

ஐந்து கோட்டில் எழுதும் மேனாட்டுச் சுரலிபியை முதல் நாளில் புகுத்துவதில்லை. அது கட்டாயம் கற்க வேண்டியதே. எனினும் கை ஒலியை அறிந்த பின் கண் எழுத்தை அறிதல் நன்று. குழந்தையும் பேசிய பின்னரே எழுதுகிறது. காலால் மிதிக்கும் பெடலும் அன்று வேண்டா.

நம் இசை முழுவதையும் பியானோவில் கொணரலாம் என்று ஆசை காட்டுவதும் தவறு. பியானோவின் கட்டை ஒவ்வொன்றும் தனித்தனி வீடு. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல வழியில்லை. கமகத்தையே உயிராகக் கொண்ட தோடி போன்ற இராகங்கள் அதில் உருப்பெறா. இந்த எல்லையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பின்னர் ஏமாற்றமில்லை. அந்தக் கருவிக்கே உரிய செல்வம் வேறு. பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் இன்பம் அது. அதனைக் கற்கவே நாம் அதனிடம் செல்கிறோம்.

மேனாட்டுக் கருவி நமக்கு எதற்கு என்று கேட்போருக்கும் விடையுண்டு. முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் இசைக்குழு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சங்கராபரணத்தில் நொட்டுசுர சாகித்தியங்கள் இயற்றினார். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் மேனாட்டு வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நம்மால் நினைக்க முடிகிறதா? நல்லது எங்கிருந்து வந்தாலும் கற்றவர்கள் நம் முன்னோர்.

வீட்டில் பயிற்சி

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதைக் காட்டிலும் நாள்தோறும் பதினைந்து நிமிடம் மேலானது. சமையல் முடிந்த பின்னரோ, அலுவலகத்திலிருந்து திரும்பிக் காப்பி அருந்திய பின்னரோ, ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டார்க்கு இடையூறு நேருமே என்ற கவலை இன்று தேவையில்லை. மின் கருவிகளில் காதுக்கருவி பொருத்தி நள்ளிரவிலும் பழகலாம். பெரிய பியானோ வாங்க வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளைகள் பயன்படுத்திய 61 கட்டைக் கீபோர்டு தொடக்கத்திற்குப் போதும். அதில் பொதுவாக நடுச் சி இடமிருந்து மூன்றாவதாக வரும் ஒரு கட்டையாகும். அழுத்தும் வேகத்திற்கேற்ப ஒலி கூடிக் குறைவதாக இருந்தால் நலம். ஓராண்டு கழிந்தும் ஆர்வம் நிலைத்திருந்தால், கட்டைகள் கனமாக அமைந்த 88 கட்டைக் கருவியைப் பற்றி எண்ணலாம்.

தேர்வு எழுத விரும்புவோருக்கும் வழி உண்டு. டிரினிட்டி கல்லூரி போன்ற லண்டன் அமைப்புகள் நம் நாட்டில் நடத்தும் தரத் தேர்வுகளுக்கு வயதில் மேல்வரம்பு கிடையாது. எனினும் தேர்வுக்காகவே கற்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளுக்குச் சான்றிதழ் பயன்படும். பெரியவர்களுக்குப் பயன்படுவது அந்தப் பதினைந்து நிமிடமே.

முன்னர்க் கூறிய அம்மையார் மறு ஞாயிறும் வந்தார். வாரத்தின் நடுவே மகள் தொலைபேசியில் அழைத்தபோது, பேசாமல் தொலைபேசியைக் கீபோர்டின் அருகே வைத்துவிட்டு வாசித்தாராம். "யார் அம்மா நம் வீட்டில் வாசிப்பது?" என்று மகள் கேட்டாளாம்.

அன்பர்களே! ஊரை விட்டு வந்த நாம், பிள்ளைகளின் கல்விக்கும் கலைக்கும் பொருளையும் பொழுதையும் கொடுத்தோம். அது நம் கடமை. அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அக்கடமை நிறைவேறிய பின்னரும் வகுப்பறைக்கு வெளியேயுள்ள பெஞ்சியிலேயே அமர்ந்திருக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. உங்கள் வீட்டில் துணி போர்த்திய கருவி ஒன்று இருக்குமானால், இன்று மாலை அத்துணியை விலக்குங்கள். இரண்டு கறுப்புகளுக்கு இடப்புறம் நிற்கும் வெள்ளைக் கட்டையைத் தேடுங்கள். அதற்கு ஒரு கட்டை என்று பெயர். அதை நீங்கள் முன்பே அறிவீர்கள்.